சத்தம் போடாத சென்சார்

"நேத்து பேத்தி காருக்குப் பின்னாடி நிக்கிறா, தம்பி. கேமராவுல படமில்லை, சென்சார்ல சத்தமில்லை. நான் பாட்டுக்கு ரிவர்ஸ் எடுக்கிறேன். என் வீட்டுக்காரி இவ ஓடி வந்து பானெட்டுல தட்டலேன்னா அவ்வளவுதான்! அப்பவும் பாருங்க, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை."

ஓய்வுபெற்ற மேனேஜர் மெக்கானிக்கிடம் படபடத்தார். பக்கத்து சீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் பின்பக்கம் போய்க் கேமராவைத் துணியால் துடைத்தான். திரையில் படம் பளிச்சென்று வந்தது.

"கேமராவுல வெறும் சேறு சார். அடுத்து சென்சார். பிரேக்கை அழுத்திக்கிட்டு ரிவர்ஸ் கியர் போடுங்க."

போட்டார். மெக்கானிக் பம்பருக்குப் பின்னால் ஓர் அட்டையைப் பிடித்தான்.

"இப்ப எப்படி சார்?" என்று கனத்த குரலில் கேட்டான்.

"மூச்சே விடலை. எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க."

மெக்கானிக் குழப்பத்துடன் அட்டையை இன்னும் நெருக்கினான். அடுத்த காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் முகம் சுளித்துத் திரும்பினார்.

"எங்கே சத்தம்? நீயே சொல்லு" என்று மனைவியைப் பார்த்த மேனேஜர் திகைத்துப்போனார்.

அவள் இரண்டு காதுகளையும் விரலால் அடைத்திருந்தாள்.

அவர் மெதுவாக இன்ஜினை அணைத்தார்.

"நேத்து... நீ கத்தினியா?"

"தொண்டை கிழியக் கத்தினேங்க."

அவளுடைய மெல்லிய குரல் காதுக்கு எட்டாவிட்டாலும், உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குப் புரிந்தது. சாவியை உருவி அவளிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நேரா காது டாக்டர்கிட்ட போ."