விசில் ஊதினா ஓடணும்

"தீப்பிடிச்சிருக்கு. உங்க பின்னால முப்பது குழந்தைங்க ஓடி வர்றாங்க. நீங்க வாசல்ல நின்னு செருப்புத் தேடறீங்க. வெளங்கினாப்புலதான்."

பயிற்சியாளர் இமானுவேல் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

செம்மேட்டில் இருக்கும் அந்தச் சமுதாய விளையாட்டுக் கூடத்துக்கு விமலாதான் பொறுப்பாளர். ராசிபுரத்திலிருந்து மாற்றலாகி மலையேறி வந்தவள். இன்றைக்கு ஊழியர்கள் அத்தனை பேருக்கும் பாதுகாப்புப் பயிற்சி. தேறினால்தான் பிள்ளைகளுக்குக் கோடைக்கால முகாம் நடத்த அனுமதி. அந்த மலைப் பகுதியான வாழவந்தி நாட்டுப் பிள்ளைகள் இப்போதே பஸ் ஸ்டாண்டில் அவளை மறித்து, "முகாம் எப்பங்க மேடம்?" என்று நச்சரிக்கிறார்கள். முகாம் இல்லை என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

காலையில் எல்லாம் ஜோராகத்தான் போனது. வேலையிடத்தில் மரியாதையாகப் பேசுவது எப்படி, அடுத்தவர் சொல்வதை முழுசாகக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று இமானுவேல் படம் போட்டு விளக்கினார். ஆட்டுக்குட்டியையே "வா சாமி" என்று கூப்பிடுகிற ஊர். மரியாதைக்கா பஞ்சம்? கூடமே அதில் ஏகமனதாகத் தேறியது.

தீ ஒத்திகையில்தான் மானம் போனது.

ஷட்டில் ஆடுகிற மரத்தரை. செருப்பை வாசலில் கழற்றிப்போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். விசில் ஊதியதும் எல்லாரும் பறந்துதான் வந்தார்கள், வாசல்வரைக்கும். அங்கே கை கால் தானாக நின்றுவிட்டது. சமையல்காரம்மா முதல் வாட்ச்மேன் வரை அவரவர் ஜோடியை அவரவர் தேட, கதவு அடைத்துக்கொண்டது. ஜிம் முரளி, ஷட்டில் கோச் மோனிஷாவின் ரோஸ் கலர் செருப்பில் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தான். மோனிஷா சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கலே வந்துவிட்டது.

"செருப்பெல்லாம் பழையபடி வாசல்லயே கிடக்கட்டும். நெஜத்துலயும் அப்படித்தான் கிடக்கும். ஆனா யாரும் தேடக் கூடாது. உயிர் பெருசா, செருப்புப் பெருசா?" என்றார் இமானுவேல்.

இரண்டாவது விசில்.

முரளி ஓடினான். மோனிஷா விக்கலோடு ஓடினாள். வெளியே காலையில் பெய்த தூறலில் சேறு. அதிலேயே சதக் சதக்கென்று இறங்கினார்கள். ஒருவர் மட்டும் வாசலிலேயே குனிந்துவிட்டார்.

அர்த்தனாரி. கூடத்தைக் கூட்டுவது, வலை கட்டுவது எல்லாம் அவர் வேலை. விடிகாலையில் மிளகுக்கொடி, அதற்கப்புறம் இங்கே.

"ஏனுங்க பெரியவரே, உங்களுக்கு மட்டும் தனியாச் சொல்லணுங்களா?" என்று இமானுவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு தடவைதான். இதுலயும் யாராச்சும் குனிஞ்சா அனுமதி கிடையாது."

விமலா ஓடிப் போய் அர்த்தனாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, உங்களைக் கும்பிடறேன். செருப்பைத் தொடாதீங்க. புதுசா ஒரு ஜோடி நானே வாங்கித் தர்றேன்."

"அதில்லீங்க மேடம், நான் எதுக்குன்னா..."

"பேசவே பேசாதீங்க. விசில் ஊதினா ஓடணும். அவ்வளவுதான்."

மூன்றாவது விசில்.

எல்லாரும் வெளியே. விமலாவும் வெளியே. அர்த்தனாரியோ மரவள்ளிக்கிழங்கு பிடுங்குகிற மாதிரி குனிந்து நின்று, இரண்டு கையாலும் செருப்புகளை அள்ளிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று பறந்தன. ஒன்று நேராகப் போய் வாட்ச்மேன் முதுகில் விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

விமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

"இத்தனை பேர் முன்னால இப்படி மானத்தை வாங்கிட்டீங்களே. உங்க ஒருத்தர் செருப்புக்காக அத்தனை பிள்ளைங்க ஏமாறணுமா? உங்களுக்குச் செருப்புதான் உசுரா?"

அர்த்தனாரி நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார்.

"பின்னால புள்ளைங்க ஓடி வருதுன்னு சார்தானுங்களே சொன்னாரு. வாசல்ல செருப்பு குமிஞ்சு கெடந்தா தடுக்கி உழாதுங்களா? முன்னால வர்ற ஒண்ணு உழுந்தா, பின்னால வர்றதெல்லாம் அது மேலதானுங்க உழும். அதான் தள்ளி உட்டேனுங்க. அப்பவே சொல்ல வந்தனுங்க. நீங்கதான் உடலீங்க."

இமானுவேல் வாசலைப் பார்த்தார். ஒரு செருப்புகூட இல்லை. முப்பது பிள்ளைகள் என்ன, மூன்று பஸ் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓடி வரலாம்.

அப்புறம் அர்த்தனாரியிடம் போய், "அய்யா, நானும் கேக்காம கத்திட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றார். விமலா பக்கம் திரும்பினார். "முதல் வேலையா செருப்பு விடற இடத்தை ஓரமா மாத்துங்க. மத்தபடி முகாம் நடத்தலாம்."

முரளி விசிலடித்தான். மோனிஷா சேற்றிலேயே குதித்தாள். விமலாவுக்குக் கால் தரையிலேயே இல்லை.

"ஆனா ஒருத்தர் மட்டும் தேறலீங்க. அவங்க அடுத்த வாரம் நாமக்கல் வந்து திரும்பப் பயிற்சி எடுக்கணும்" என்றார் இமானுவேல்.

"யாரு சார்? பேரைச் சொல்லுங்க, கண்டிப்பா நானே அனுப்பி வைக்கறேன்" என்றாள் விமலா.

அவர் பேரைச் சொல்லவில்லை. குனிந்து தரையைத்தான் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

அர்த்தனாரி உள்பட அத்தனை பேரும் வெறுங்காலோடு சேற்றில் நிற்க, ஓடி வந்த வேகத்திலேயே, அவர் ஓரமாகத் தள்ளிவிட்ட குவியலிலிருந்து தன் ஜோடியைச் சரியாகப் பொறுக்கி எடுத்து, வார் வரைக்கும் மாட்டிக்கொண்டு நின்றவள் விமலா ஒருத்திதான்.