சாகாமல் இருக்க ஒரு கதை

"இன்னிக்கு என்னைச் சாகடிக்கப் போறியாமே, புபாய்?" என்று கேட்டாள் ஹிமானி, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

புபாய் தலையைத் தூக்கவில்லை. "மத்தியானத்துக்குள்ள முடிச்சாகணும், தீதி. மேலிடத்து உத்தரவு."

"விஷமா, மாரடைப்பா?"

"மாரடைப்பு. விஷத்தைப் போன மாசம்தான் உங்க நாத்தனாருக்குக் கொடுத்தோம்."

டாலிகஞ்ச் ஸ்டூடியோவின் மேக்கப் அறையில் இப்படிப் பேசிக்கொள்வது சீரியல்காரர்களான எங்களுக்குப் புதிதில்லை. சீரியலில் ஹிமானி பெரிய மாமியார், புபாய் அதற்குக் கதை எழுதுகிறவன்; அவளை தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவான். ரேட்டிங் தரையைத் தொட்டுவிட்டதால், துர்கா பூஜை வாரத்தில் கதையில் வரும் வீட்டில் ஒரு சாவு விழுந்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர் மல்லிக் பாபு சொல்லிவிட்டார்.

ஹிமானி டீயைக் கீழே வைத்தாள். "எழவு முடிஞ்சதும் என் போட்டோவுக்கு மாலை போட்டு சுவத்துல மாட்டிடுவீங்க. போட்டோவுக்கு யாருடா சம்பளம் கொடுப்பா?"

"நான் என்ன தீதி பண்ணட்டும்?"

"தம்பி மகன் வீட்டுல ஒரு மூலையில கிடக்கேன். வேலை போச்சுன்னா அந்த மூலையும் போயிடும். இந்த வயசுல எவன் என்னைக் கூப்பிட்டு வேஷம் கொடுப்பான்?" என்றாள். "நீ கதை எழுதறவன்தானே? நான் சாகாம இருக்க ஒரு கதை யோசியேன்டா."

சினிமாவுக்குக் கதை எழுதி உலகத்தையே புரட்டிவிடலாம் என்று பர்த்வானிலிருந்து ரயிலேறி வந்தவன் புபாய். இப்போது ஒரு கிழவியைக் காப்பாற்ற அவன் மண்டையில் ஒரு கதை இல்லை.

"படிக்கட்டுல உருண்டு விழட்டுமா?" என்றாள் அவளே.

"மூத்த மருமக விழுந்தாச்சு."

"ஞாபகம் போயிடட்டும்."

"உங்க வீட்டுக்காரருக்குப் போயிருக்கே! ஒரே வீட்டுல ரெண்டு பேருக்குன்னா ஜனங்க சிரிப்பாங்க, தீதி."

"சரி, மருமககூட கோவிச்சுக்கிட்டு காசிக்குப் போயிடறேன்."

"போனா அங்கேயே விட்டுடுவாங்க. திருப்பிக் கூப்பிட மாட்டாங்க."

வெளியே செட்டில் யாரோ அழுகிற காட்சிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. புபாய் அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்தான்.

"தீதி, நீங்க செத்தா ஜனங்க ஒரு நாள் அழுவாங்க. பிழைப்பீங்களா மாட்டீங்களான்னு தெரியலைன்னா மாசக்கணக்கா பார்ப்பாங்க."

"கோமாவா?"

எங்கள் தொழிலில் கோமா என்பது பென்ஷன் மாதிரி. வசனம் கிடையாது, மனப்பாடம் கிடையாது, கட்டிலில் படுத்தாலே அன்றைய சம்பளம் கைக்கு வந்துவிடும். ஹிமானியின் முகத்தில் அப்போதுதான் ரத்த ஓட்டமே வந்தது.

"பூஜை அறையில நீங்க தனியா இருக்கீங்க. யாரோ பின்னால வந்து உங்க புடவையில தீ வெச்சுடறாங்க. திரும்பி ஆளைப் பார்த்துடறீங்க. பேரைச் சொல்றதுக்குள்ள கோமா! எப்ப வாயைத் திறப்பீங்கன்னு வீடே உங்க கட்டிலைச் சுத்திச் சுத்தி வரும்."

"யாருடா வெச்சது?"

"எனக்கே தெரியாது. தெரியாத வரைக்கும் உங்களுக்குச் சோறு."

ஹிமானி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குள் இருந்த நடிகை விழித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு விஷயம். லைட்டுக்கு அடியில படுத்தா எனக்கு இமை துடிக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் டைரக்டர் குதிப்பார். தீக்காயம்தானே, கண்ணு மூஞ்சி எல்லாத்தையும் சேர்த்துக் கட்டுப் போட்டுடேன்."

"அப்படியே எழுதிடறேன். பார்க்கவும் பயமா இருக்கும்."

மல்லிக் பாபு லேசில் மசிகிற ஆள் இல்லை. பாதிக் கதையிலேயே கொட்டாவி விட்டு எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியவர். புபாய் அவர் எதிரில் உட்கார்ந்து, தீ பிடித்ததிலிருந்து கட்டுப் போட்டுப் படுக்க வைத்தது வரை சொல்லி முடித்தான்.

பாபு பொரி மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும் மேஜையைத் தட்டினார்.

"இதுதான்டா கதை! அடுத்த பூஜை வரைக்கும் இழுக்கலாமே!" உடனே சேனலுக்குப் போன் போட்டார். அங்கேயும் துள்ளினார்கள். அந்தக் கட்டுப் போட்ட முகத்தையே விளம்பரத்துக்குப் போடலாம் என்றார்களாம்.

புபாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவன் எழுதியதில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று அவனுக்கே தோன்றியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஹிமானி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, உதட்டுக்குள் துர்கையை வேண்டிக்கொண்டு நின்றாள். முடிஞ்சது என்று கையைக் காட்டினான். அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

"தீதி வெளியிலதான் இருக்காங்க, பாபு. சொல்லிடட்டுமா?"

"சொல்லிடு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு."

புபாய்க்குப் புரியவில்லை. "பாபு, கதைப்படி அவங்க உயிரோடதானே இருக்காங்க?"

மல்லிக் பாபு இன்னொரு பிடி பொரியை அள்ளிக்கொண்டார்.

"மூஞ்சிதான் தெரியாதே, அதுக்கு எதுக்கு ஹிமானி?"