வலப்பக்கம் மூன்று பள்ளம்

நகரியில் கரண்ட் போனால் விசைத்தறிகள் நின்றுவிடும். அந்த நேரமெல்லாம் தறி ஓட்டும் தணிகாசலம் வீட்டு வாசலில் பழைய அம்பாசடரை வெட்டிக் குறுக்கி, ரேஸ் வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கைக் கடையில் வாங்க அவனுக்கு மனமில்லை. இரும்புக் குழாயை வட்டமாக வளைத்து, வண்டி ஒடுக்கு அடைக்கும் பட்டியை மேலே கனமாகப் பூசி, அது காய்வதற்குள் இரண்டு கையாலும் இறுகப் பிடித்தான். விரல் விரலாகப் பள்ளம் விழுந்தது.

காலையில் பட்டி கல்லாகக் காய்ந்திருந்தது. இடப்பக்கம் நான்கு பள்ளம் இருந்தது, வலப்பக்கம் மூன்றுதான். மோதிர விரல் பதிந்திருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"புடிக்கசொல்லோ அந்த வெரல மட்டும் தூக்கினு இருந்திருப்ப," என்றாள் அவன் மனைவி வரலட்சுமி.

அவன் அரத்தால் ராவி அங்கே ஒரு பள்ளம் எடுத்தான். மறுநாள் அது மேடாகியிருந்தது. ராவிய தடம்கூட இல்லை. வரலட்சுமி தடவிப் பார்த்துவிட்டு அவன் வலக்கை விரல்களை எண்ணினாள்.

ஸ்டியரிங்கை வண்டியில் மாட்டி, உட்கார்ந்து பிடித்துப் பார்த்தான். கைக்கு அச்சாகப் பொருந்தியது. மோதிரம் போட்ட அந்த விரல் மட்டும் இடமில்லாமல் துருத்திக்கொண்டு நின்றது.

அப்போது கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஓட ஆரம்பித்தன. அவன் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

"இன்னிக்கே தறிக்குப் போவணுமா?"

"சேலை பாதியில நிக்குது. சாயங்காலம் குடுத்தாவணும்."

வரலட்சுமி அவன் வலக்கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தாள்.

"அப்ப மோதிரத்தக் கழட்டிக் குடுத்துட்டுப் போ," என்றாள்.