வெயில் பார்த்த பிலிம்

ஸ்டுடியோக்காரர் முரளிதரனின் கண்ணாடி மேசைமேல் ராஜகோபால் அந்தக் குட்டி பிலிம் கேமராவை வைக்கிறார். மகள் பானுப்ரியா விபத்தில் இறந்த நாள்வரை அவள் கழுத்தைவிட்டு இறங்காத கேமரா. வெளியே சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் வெயிலில் பளபளத்தபடி மலைப்படியிலிருந்து இறங்கி வருகின்றன. கேமராவுக்குப் பக்கத்தில் தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றையும் வைக்கிறார். அதில் கேமராவிலிருந்த பிலிம் முழுவதும், ஒரு சுற்றுகூடப் பிசகாமல், நூலைப்போலவே சுற்றியிருக்கிறது. "மூடியத் தொறந்தீங்களா?" என்று கேட்கிறார் முரளிதரன். "ஆங். கொயந்த மூஞ்சி எங்கனா தெரியுதான்னு வாசல்ல வெயில்ல நீட்டிப் பாத்தேங்க. ஒண்ணும் தெரில. கழுவுனாத்தான் தெரியும்னு, அழுக்கு படாம சுத்தி எடுத்தாந்தேன்." வெயில் பட்ட கணமே அத்தனை படமும் அழிந்துவிட்டதென்று சொல்ல முரளிதரன் வாயெடுக்கிறார். தார்க்குச்சியில் பிசகாத அந்தச் சுற்றைப் பார்க்கிறார். "மெட்ராஸுக்கு அனுப்பித்தான் கழுவணும். நாளாகுங்க." ராஜகோபாலின் முகம் இளகுகிறது. தார்க்குச்சியை ஒருமுறை தடவிக்கொடுக்கிறார். "ஆவட்டுங்க. ஒடனே பாத்துட்டா என்னா ருசி நைனா, காத்துகினு இருந்து பாக்கணும்னு பாப்பா சொல்லும். நான் காத்துகினு இருக்கேன்."