புதுப் பாதையில் முதல் ஆள்

காலனிக்குப் போட்டிருந்த புதுப் பாதையில் குழந்தைவேல்தான் முதலில் போகவேண்டும் என்று பொன்னாயி ஒற்றைக்காலில் நின்றாள்.

தொண்டு நிறுவன வேலைக்கென்று இளவயதில் இங்கே வந்தவர் அவர். வேலை மும்முரத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்ளவே மறந்துபோனார். இந்தப் பாதைக்காக அவர் மனு எழுதித் தீர்த்த மையில் திருச்செங்கோட்டு மலைக்கே நீலச்சாயம் ஏற்றியிருக்கலாம்.

"ஏனுங்க, வேனை எடுத்தீங்கன்னா டயருக்கு முன்னாடி படுத்துக்குவேன்!"

குழந்தைவேலின் தம்பி ஈஸ்வர் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, சேலத்துல சொந்தபந்தம் பூரா காத்துக்கிட்டிருக்குதுங்க. அண்ணனை உங்க தெருவுல விட்டுட்டு வந்தேன்னா, என்னைச் சாதியை விட்டே தள்ளி வெச்சுருவாங்க."

"தள்ளி வெச்சா இங்கயே வந்துருங்க. அவருக்கு ஊடு குடுத்தவங்க உங்களுக்குக் குடுக்க மாட்டமாங்க?"

எந்தச் சண்டையிலும் குறுக்கே புகுந்து சமாதானம் பேசும் குழந்தைவேல், இருவருக்கும் நடுவில் வாயே திறக்கவில்லை.

"அவருக்கு எது புடிக்கும்னு நீங்களே நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க சாமி" என்றாள் பொன்னாயி.

ஈஸ்வர் அண்ணனின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

"நெருப்புச் சட்டியை என் கையில குடுங்க அக்கா. அண்ணனைத் தூக்கச் சொல்லுங்க."

இத்தனை காலமும் இடுப்பளவு வாய்க்கால் தண்ணீரில் பிணம் சுமந்தே பழகியவர்கள், மயானத்துக்கான அந்தப் பாதையில் முதல் பாடையைத் தூக்கினார்கள். அன்று யாருக்கும் கால்கூட நனையவில்லை. கண்ணீர் மறைத்ததில்தான் ஆளாளுக்குத் தடுமாறினார்கள்.