மூன்றாவது மாடி ஜன்னல்

"லீவு கேன்சல் ஆயிடுச்சுடி. மூணு நாளும் நான் வண்டி எடுக்கணும்."

நத்தை இப்படிச் சொன்னதும் விசிலுக்குச் சுருக்கென்றது.

இரண்டும் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்கள். ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசியில் வந்தவள் நத்தை. இப்போது இந்தக் குளிர் ஊரில் டிராம் ஓட்டுகிறாள். எப்போதும் முதலில் வந்தவள் விசில். இப்போது பி.டி. டீச்சர். பதினெட்டு வருஷமாக நத்தை "வாடி, வாடி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டதில், விசில் இந்தக் குளிர்கால விடுமுறையில்தான் வந்து இறங்கியிருக்கிறாள். போனில் சவடால் வேறு.

"பஸ்ஸும் வேண்டாம், காரும் வேண்டாம். ஊரு முழுக்க நடந்தே பார்க்கிறேன்!"

வந்த அன்றைக்கே வந்தது வினை. நத்தையின் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முதல் மாடி ஏறுவதற்குள் விசிலின் இரண்டு முட்டியும் கதறிவிட்டன. ஒரு வருஷமாகவே இந்தப் பாடுதான். ஆனால் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓடவிடுகிற வாய் அதை வெளியே சொல்லுமா?

"ஆஹா, இந்த ஜன்னல்ல பனி என்னமா தெரியுது!" என்று முதல் மாடியில் நின்றாள்.

இரண்டாவது மாடியில், "இங்கேருந்து இன்னும் ஜோரா இருக்கே!"

மூன்றாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அடடா... பார்த்துக்கிட்டே நிக்கலாம் போல இருக்கு!"

நத்தை பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். வீட்டில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "பால் தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று போனவள், ஒரு மணி நேரம் கழித்துப் பால் இல்லாமல் திரும்பி வந்தாள். வந்தவள் சொன்ன செய்திதான் இந்த லீவு கேன்சல்.

"அப்ப நான் இங்க என்ன பண்றது? சுவரைப் பார்த்துக்கிட்டு உட்காரவா?"

"என் வண்டியிலயே வா. எட்டு மணிக்கு எதிர் ஸ்டாப்புல நிப்பேன். முதல் சீட்டு உனக்குத்தான். ஆனா ஓட்டுறப்போ டிரைவர்கிட்ட பேசக் கூடாது, ஆமா!"

பேசவும் கூடாதாம்! விசில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் வேண்டா வெறுப்பாக ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. மைக்கில் நத்தையின் குரல்.

"அடுத்தது பழைய பாலம். வலது பக்கம் பாருங்க, உறைஞ்ச ஆத்து மேல பிள்ளைங்க சறுக்கி விளையாடுறாங்க. போன வருஷம் ஒரு டிராம் டிரைவரும் சறுக்கினா. விளையாடலை, விழுந்தா. அது நான்தான்."

வண்டியே சிரித்தது.

"அடுத்தது மணிக்கூண்டு. பத்து வருஷமா ஏழு நிமிஷம் லேட்டு. இதை நம்பித்தான் நான் முதல் நாளே வேலைக்கு லேட்டா போனேன்."

"இத்தனை வருஷமா இந்த வண்டியில வர்றேன்," என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் வியந்தார். "இந்தம்மா ஸ்டாப் பேரைத் தவிர ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை."

விசிலுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே, தான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது நத்தை ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்தாள். "இருடி, மூச்சு வாங்குது."

"நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தா இப்படித்தான்," என்று விசிலும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னைப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன்!"

இரண்டாம் நாள் வேறு லைன். சந்தை, பூங்கா, பனி மூடிய குன்று. மூன்றாம் நாள் இன்னொரு லைன். துறைமுகம், கலங்கரை விளக்கம். முக்கால்வாசி ஊரை விசில் பார்த்துவிட்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து வந்தவளுக்காக ஒரே ஒரு நாள் ஒதுக்க முடியாதா?

அன்று மத்தியானம் வண்டி டிப்போவில் நின்றது. விசில் இறங்கி ஆபீஸ் ஹீட்டர் பக்கமாகக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்தார்.

"நீங்கதான் அந்த சிநேகிதியா?"

"ஆமா சார். பாவம், அவளுக்கு ஒரு நாளாவது லீவு குடுத்திருக்கலாம் நீங்க."

"நல்லா இருக்கே கதை! ஒரு மாசம் முன்னாடியே மூணு நாள் குடுத்தாச்சு. நீங்க வந்த அன்னிக்கு மத்தியானம் மூச்சிரைக்க ஓடி வந்து, லீவே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க!"

விசிலுக்குத் தலை கிர்ரென்றது. அப்படியானால் பொய்! தன்னோடு மூன்று நாள் இருக்கப் பிடிக்காமல் சொன்ன பொய்! இன்று சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டியது, இனி இவள் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

"லீவு இருந்துச்சாமே?"

நத்தை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினாள். "இருந்துச்சு."

"அப்ப ஏன்டி பொய் சொன்னே? நான் வந்தது அவ்வளவு பாரமா?"

"முட்டி எப்படி இருக்கு?"

விசிலின் கை தானாக முட்டிக்குப் போனது.

"லீவு எடுத்தா நீ என் பின்னாடி நடந்தே சாவே," என்றாள் நத்தை. "வலிக்குதுன்னு சொல்லவும் மாட்டே. உன்னை உட்கார வச்சே ஊரைக் காட்டணும்னா, எனக்கு வேற என்ன வழி தெரியும், சொல்லு? மூணு லைனையும் கெஞ்சி வாங்கினேன்."

விசிலுக்குக் கண் நிறைந்தது. ஆனால் பந்தயத்தில் தோற்றுப் பழக்கமில்லையே!

"எனக்கு ஒண்ணும் வலிக்கலை. படியில நின்னேன்னா, ஜன்னல் அழகா இருந்துச்சு, நின்னேன்."

நத்தை அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மூணாவது மாடியில ஜன்னல் ஏதுடி? நீ அஞ்சு நிமிஷம் ரசிச்சுக்கிட்டு நின்னது கரண்ட் மீட்டர் பெட்டியை!"