சைதூன் சொன்ன அர்த்தம்

நூர் முகமது கட்டிலில் சாய்ந்தபடி, கோணிய வாயால் ஏதோ சொன்னான்.

நான் வழக்கம்போல அவன் மனைவி சைதூனின் முகத்தைப் பார்த்தேன்.

“சுக்குக்காப்பி கேக்குறாக, அண்ணே.”

அவன் இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தான். நேற்று ஜன்னலைச் சாத்தச் சொன்னானாம். முந்தாநாள் விசிறி கேட்டானாம். பாவி மனுசன், எதைக் கொடுத்தாலும் கோபம் மட்டும் குறையவே இல்லை.

பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவனை மடியில் போட்டு ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான். மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். எங்கள் இருவர் சட்டையிலும் வீசிய வாடையை வைத்தே விசயத்தைப் பிடித்துவிட்டார். இனி கஞ்சாப் புகை உள்ளே போனால் மறுபடியும் கட்டும், அப்புறம் ஆள் மிஞ்ச மாட்டான் என்று சைதூனிடம் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் எங்களைத் தனியாக விட்டதில்லை. நான் வந்தால் வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவாள். கை உரித்துக்கொண்டிருக்கும், கண் என் இடுப்பு மடிப்பிலேயே இருக்கும். சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? தோல் ஷாப்பில் வேலை முடிந்ததும், இருபது வருசமாக அவனோடு குந்தி ஒரே சிலும்பியில் இழுத்தவன் நான்தானே.

இன்று வாய்விட்டுச் சுக்குக்காப்பி என்று சொல்லிவிட்டாள். அவளே எழுந்து போக வேண்டியதாயிற்று.

அவள் தலை மறைந்ததும் அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். மறுபடியும் அதையே சொன்னான். கண் கலங்கியிருந்தது.

நான் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைதூன் கரண்டியோடு ஓடி வந்தாள். என்ன கேட்டாக என்றாள், மூச்சு வாங்க. எனக்கு என்னம்மா விளங்குது, அவன் பாஷை உனக்குத்தானே தெரியும் என்றேன். அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது.

நாலு இழுப்பு இழுத்தால் நாக்குத் தடித்துப்போகும். இருபது வருசமும் நாங்கள் இந்தக் குழறல் பேச்சில்தான் பேசிச் சிரித்திருக்கிறோம். தெளிந்த பிறகே வீட்டுக்குப் போவான். அதனால் அந்தப் பேச்சு தனக்கு மட்டும்தான் விளங்குகிறது என்று சைதூன் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

“ஏலே மீரானு, ஒரே ஒரு இழுப்பு குடுறா.” இரண்டு மாதமாக இதைத்தான் கேட்கிறான். ஜட்காவில் அவனை ஏற்றிய அன்றைக்கே சிலும்பியை உடைத்துப் போட்டுவிட்டேன். இப்போது என் மடியில் இருப்பது வெற்றிலை மட்டும்தான்.

சைதூன் காப்பியை ஆற்றி ஊட்டினாள். ஒழுகியதை முந்தானையால் துடைத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை முறைத்தான். திருட்டுப் பயலே, உனக்கு எல்லாம் விளங்குதுடா என்றான்.

“நாளைக்கும் வரச் சொல்றாக, அண்ணே,” என்றாள் சைதூன்.

வாரேன்டா என்றேன் அவனிடம். நாளைக்கும் அவன் இருந்து என்னைத் திட்ட வேண்டும். எனக்கு அது போதும்.